ஒரு பீக்கை மட்டும் கேட்காதீர்கள்: மூலிகைத் தரநூல் எழுதும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பார்மகோபியா எனப்படும் மருந்துத் தரநூலில் மூலிகைகளுக்கான பக்கங்களை எழுதவும் திருத்தவும் பொறுப்பேற்றிருக்கும் நிபுணர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் எழுதும் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் என்னைப் போன்ற பகுப்பாய்வாளர்கள் வேலை பார்க்கிறோம். ஒவ்வொரு மூலிகைக்கும் நீங்கள் தரும் பக்கத்தின் கடைசியில் அளவீடு என்று ஒரு பகுதி வரும். உலர்ந்த எடையில் இன்ன சேர்மம் இத்தனை சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரி. அதை எச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் திரவ குரோமட்டோகிராபியில் எப்படி அளப்பது என்று சில பத்திகள். நடைமுறையில் ஒரு சரக்கின் தலையெழுத்து அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. எண் தாண்டினால் தேறியது, தாண்டாவிட்டால் தள்ளுபடி.

அந்த எண்ணை நான் குறை சொல்லவில்லை. அதோடு நின்றுவிடுவதைத்தான் சொல்கிறேன்.

கருவிக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மூலிகைப் பொடியைக் கரைப்பானில் ஊற வைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றில் பத்து மைக்ரோலிட்டர் அளவுக்கு எடுத்துக் கருவிக்குள் செலுத்துவோம். உள்ளே மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் அடைத்த எஃகுக் குழாய் இருக்கிறது. தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த கரைப்பான் உயர் அழுத்தத்தில் அதன் வழியே ஓடும். துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் பதினெட்டுக் கார்பன் சங்கிலிகளோடு சில சேர்மங்கள் அதிகம் ஒட்டும், சில குறைவாக ஒட்டும். ஆகவே ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். வாசலில் இருக்கும் டிடெக்டர் ஒவ்வொன்றையும் ஒரு மேடாக வரையும். அதைத்தான் பீக் என்கிறோம். பீக்கின் பரப்பைத் தூய சேர்மத்தின் பரப்போடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும்.

ஒரு சாதாரண வேர்ச் சாற்றை அரை மணி நேரம் ஓட்டினால் பத்துப் பன்னிரண்டு பெரிய பீக்குகளும் அவற்றைச் சுற்றி எண்ணற்ற சிறியவையும் வரும். டயோடு அரே டிடெக்டர் இருந்தால் ஒவ்வொரு பீக்கும் எந்தெந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துப் பதிந்து வைக்கும். அத்தனையும் ஒரே ஓட்டத்தில், கூடுதல் செலவு இல்லாமல் கிடைக்கிறது. அதிலிருந்து ஒரு பீக்கின் பரப்பை மட்டும் எடுத்துக் கணக்குப் போடச் சொல்கிறது உங்கள் பக்கம். மிச்சமெல்லாம் கணினியில் தூங்குகிறது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இத்தனைக்கும் இந்த முறை பிறந்ததே இலையிலிருந்துதான். ரஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெட் பச்சை இலைச் சாற்றைக் கால்சியம் கார்பனேட் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கரைப்பானை ஓடவிட்டு, வண்ண வண்ணப் பட்டைகளாகப் பிரித்தார். 1906-ல் அதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயரும் வைத்தார். ஒரே பச்சையாகத் தெரிவது உண்மையில் பல நிறமிகள் என்று காட்டுவதுதான் அவர் செய்த வேலை. இன்று அதே முறையை வைத்துக்கொண்டு பலவற்றை ஒன்றாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே கேள்வி உள்ள தேர்வு, அந்தக் கேள்வியும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்றால் என்ன நடக்கும்? அதுதான் மூலிகைச் சந்தையில் நடந்தது. கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஃபிளேவோன் கிளைகோசைடுகள் 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன்கள் 6 சதவீதம் என்பது உலகம் முழுக்கப் பழகிப்போன கணக்கு. கிளைகோசைடுகள், அதாவது சர்க்கரை ஒட்டிய சேர்மங்கள், ஏராளமான வகைகளில் இருப்பதால் ஒவ்வொன்றையும் தனியாக அளப்பது கஷ்டம். அதனால் அமிலத்தில் கொதிக்க வைத்துச் சர்க்கரைப் பகுதியை வெட்டிவிட்டு, மிஞ்சும் குவெர்செட்டின், கேம்ஃபெரால், ஐசோராம்னெட்டின் மூன்றையும் எச்.பி.எல்.சி.யில் அளந்து, கூட்டி, 2.51-ஆல் பெருக்குகிறோம். வேலையை எளிதாக்கும் புத்திசாலித்தனமான வழிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் கலப்படக்காரரும் இதே பக்கத்தைத்தான் படிக்கிறார். அமிலத்தில் கொதித்த பிறகு குவெர்செட்டின் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ரூட்டின் என்பது மலிவாகக் கிடைக்கும் ஒரு குவெர்செட்டின் கிளைகோசைடு. அதை நீர்த்துப்போன கிங்கோ சாரத்தில் கலந்தால் கொதிக்க வைத்ததும் அது குவெர்செட்டினாக மாறி 24 சதவீதத்தை நிரப்பிவிடும். நேரடியாகக் குவெர்செட்டினையே கலந்தவர்களும் உண்டு. ரூட்டின் நிறைந்த ஜப்பானிய சோஃபோரா மரத்தின் சாரத்தைக் கலந்தவர்களும் உண்டு. எல்லாமே தேறின. எச்.பி.எல்.சி. அறிக்கை சுத்தமாக, அழகாக இருந்தது.

இதே சரக்கைக் கொதிக்க வைக்காமல் அப்படியே ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இயற்கையான கிங்கோவில் சிறிய பீக்காக இருக்க வேண்டிய ரூட்டின் மலை போல் நிற்கும். சோஃபோரா கலந்திருந்தால் கிங்கோவில் எதிர்பார்க்காத ஜெனிஸ்டீன் எட்டிப் பார்க்கும். கொதிக்க வைத்த ஓட்டத்திலேயேகூடக் கவனித்துப் பார்த்தால் குவெர்செட்டினுக்கும் கேம்ஃபெராலுக்கும் உள்ள விகிதம் இயல்புக்கு மாறாக இருக்கும். விவரம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, கூட்டுத்தொகையை மட்டும் கேட்டதால் யாரும் பார்க்கவில்லை. அமெரிக்கத் தரநூலான யு.எஸ்.பி. பிற்பாடு தனி ரூட்டினுக்கும் தனி குவெர்செட்டினுக்கும் மேல்வரம்பு வைத்தது. நல்லது. ஆனால் ஒவ்வொரு மூலிகையிலும் மோசடி நடந்து முடிந்த பிறகுதான் அடுத்த வரியைச் சேர்க்க வேண்டுமா?

பில்பெர்ரி என்ற பழத்தின் சாரத்தில் நடந்தது இன்னும் பட்டவர்த்தனம். அதில் ஆந்தோசயனின் என்ற நிறமி எவ்வளவு என்பதை நிறத்தின் அடர்த்தியை வைத்து ஒளி உறிஞ்சல் முறையில் அளந்துகொண்டிருந்தார்கள். அமராந்த் என்ற செயற்கைச் சிவப்புச் சாயத்தைக் கலந்த சரக்கு அந்தச் சோதனையில் தேறியது. அதை எச்.பி.எல்.சி.யில் ஓட்டிப் பார்த்துச் சாயத்தை அடையாளம் கண்ட ஆய்வு 2006-ல் வெளிவந்தது. இதைச் சொன்னால் உடனே, அது பழைய முறையின் குறை, நாங்கள்தான் எச்.பி.எல்.சி.க்கு மாறிவிட்டோமே என்பீர்கள். கிங்கோவில் ஏமாந்தது எச்.பி.எல்.சி.தானே! கருவியை மாற்றினால் மட்டும் போதாது, கேள்வியை மாற்ற வேண்டும்.

மஞ்சளிலும் இதே கதை. மொத்தக் கர்குமினாய்டு இத்தனை சதவீதம் என்று கேட்டால், தொழிற்சாலையில் தயாரித்த கர்குமினைச் சேர்த்து நிரப்பிவிடலாம். கிழங்கிலிருந்து வரும் சாரத்தில் கர்குமினோடு டிமெத்தாக்ஸிகர்குமினும் பிஸ்டிமெத்தாக்ஸிகர்குமினும் கூடவே வரும். மூன்றும் 420 நானோமீட்டரையொட்டி ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் ஒரே ஓட்டத்தில் மூன்று பீக்குகளையும் தெளிவாகப் பார்க்கலாம். பின்னிரண்டும் இல்லாமல் ஒற்றைப் பீக் மட்டும் நிமிர்ந்து நின்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். அதையும் மீறி மூன்றையும் செயற்கையாகத் தயாரித்து விகிதம் பார்த்துக் கலந்தால் எச்.பி.எல்.சி. கையை விரித்துவிடும். அப்போது கார்பன்-14 அளவீடுதான் வழி, ஏனென்றால் பெட்ரோலியத்திலிருந்து வந்த கார்பனில் அது இருக்காது. ஆனால் அந்த அளவுக்கு மெனக்கெடுபவர் எத்தனை பேர்? விகிதத்துக்கு ஒரு வரம்பு வைத்தாலே பெரும்பாலானோர் வடிகட்டப்படுவார்கள். அதற்கு ஒரு வரி போதும்.

இதுவரை சொன்னது பண மோசடி. உயிரோடு விளையாடியதும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா வகை வேர் உள்ளே போயிருந்தது. சீனத்தில் இரண்டுக்கும் ஃபாங் ஜி என்று முடியும் பெயர், அதனால் வந்த வினை. உள்ளே போன வேரில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. இங்கே ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பொடியில் ஸ்டெஃபானியாவின் சேர்மமான டெட்ராண்ட்ரின் இல்லை என்பது எளிய ஓட்டத்திலேயே தெரிந்திருக்கும். ஆனால் இரண்டு வேரும் பாதிப் பாதியாகக் கலந்து, டெட்ராண்ட்ரின் குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியிருந்தால்? செயல்படும் சேர்மத்தை மட்டும் அளக்கும் பக்கம் அதைத் தேற்றி அனுப்பியிருக்கும்.

ஆகவே இருக்க வேண்டியதை மட்டுமல்ல, இருக்கக் கூடாததையும் பெயர் சொல்லி எழுதுங்கள். எந்த மூலிகைக்குப் பதிலாக எது வரும் என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் போலியின் அடையாளச் சேர்மம் எந்த நேரத்தில் வெளியே வரும், எந்த அலைநீளத்தில் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி இருந்தால் போதும். கூடவே, எந்த அளவு வரை கண்டறிய முடிய வேண்டும் என்றும் சொல்லுங்கள். கண்டறியப்படவில்லை என்ற ஒற்றை வார்த்தையைப் பல அறிக்கைகளில் பார்க்கிறேன். பழைய விளக்கு பொருத்திய டிடெக்டரில் எதுவுமே கண்டறியப்படாது.

அடுத்தது, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது. அளக்கும் சேர்மம்தான் நோயைக் குணப்படுத்துகிறதா, அல்லது அடையாளத்துக்காக அளக்கிறோமா? பக்கத்தைப் படிப்பவருக்கு இது புரிவதில்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையின் மாத்திரைகளின் மேல் பல காலமாக 0.3 சதவீதம் ஹைபெரிசின் என்று எழுதி வந்தார்கள். சிவப்பாக இருப்பதால் அளக்க எளிது, அதனால் அதுவே அடையாளம் ஆனது. ஆனால் அந்தச் செடியிலிருந்து ஹைபர்ஃபோரின் என்ற இன்னொன்றும் வருகிறது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிட்டு, உறுப்பு மாற்று நோயாளிகள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் தாழ்த்துவது அதுதான். வெளிச்சமும் காற்றும் பட்டால் ஹைபர்ஃபோரின் சிதைந்துபோகும். ஆக, ஹைபெரிசின் எண் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு மாத்திரைகள் உடலுக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பியத் தரநூல் இந்தச் சாரத்தில் ஹைபர்ஃபோரினுக்கு 6 சதவீதம் என்று மேல்வரம்பே வைத்திருக்கிறது. குறைந்தபட்சம் மட்டும் போதாது, அதிகபட்சமும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது.

அதே ஐரோப்பியத் தரநூல் சாரங்களை வகை பிரித்தும் வைத்திருக்கிறது. செயல்படும் சேர்மம் எது என்று உறுதியாகத் தெரிந்தவை ஒரு வகை, சென்னா போல. ஓரளவு பங்கு உண்டு என்று கருதப்படும் சேர்மங்களை அளப்பவை இன்னொரு வகை, கிங்கோவும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் போல. வேலேரியன் போன்ற மற்றவற்றில் அளப்பது வெறும் அடையாளத்துக்காக. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரியாக எழுதிவிட்டால் எத்தனையோ தவறான விளம்பரங்களுக்கு அடிப்படையே இல்லாமல் போய்விடும். பூண்டை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் அடியிலேயே தொடங்குகிறது. அல்லிசின் முழுப் பல்லில் இல்லவே இல்லை. நசுக்கும்போதுதான் அல்லியினிலிருந்து அல்லினேஸ் என்ற நொதி அதை உண்டாக்குகிறது. எந்த நிலையில் அளந்தோம் என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

இப்போது எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயத்துக்கு வருகிறேன். கருவியை எப்படி ஓட்ட வேண்டும் என்று நீங்கள் அரைப் பக்கம் எழுதுகிறீர்கள். ஓட்டும் வேகம், அலைநீளம், கரைப்பான் விகிதம் நிமிடத்துக்கு நிமிடம் எப்படி மாற வேண்டும் என்று எல்லாம் இருக்கும். பொடியிலிருந்து சேர்மத்தை வெளியே எடுப்பதைப் பற்றி, மெத்தனாலில் அரை மணி நேரம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைக்கவும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். பிழையெல்லாம் அந்த ஒரு வரியில்தான் குடியிருக்கிறது. பொடி எவ்வளவு நைசாக இருக்க வேண்டும்? தொட்டியின் தண்ணீர் சூடேறினால் என்ன செய்வது? ஒருமுறை எடுத்தால் போதுமா, இரண்டு முறையா? மெத்தனாலில் தண்ணீர் கலக்கலாமா? உலர்ந்த வேரின் திசு சற்றுத் தண்ணீர் இருந்தால்தான் ஊறி விரியும், கிளைகோசைடுகள் அப்போதுதான் ஒழுங்காக வெளியே வரும். தூய மெத்தனாலில் பாதி உள்ளேயே தங்கிவிடலாம். அந்தப் பாதியைக் கருவி பார்க்கப்போவதே இல்லை, எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் சரி.

எடுக்கும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. சீன விஞ்ஞானி டு யூயூவின் குழு ஆர்டெமிசியா ஆனுவா செடியிலிருந்து மலேரியா மருந்து தேடியபோது முதலில் முடிவுகள் ஏறுக்கு மாறாக வந்தன. சூடாக்குவதுதான் கெடுக்கிறது என்று ஊகித்து, தாழ்ந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதருக்கு மாறியது 1971-ல். அப்புறம்தான் வேலை செய்யும் சாரம் கிடைத்தது, மறு ஆண்டு ஆர்டெமிசினின் பிரிந்தது, 2015-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. செடி அதே செடிதான்.

இங்கே எங்கள் தொழிலில் எல்லோரும் கண்டும் காணாமல் இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முறை சரியானதா என்று நிரூபிக்க மீட்புச் சோதனை செய்கிறோம். பொடியோடு தெரிந்த அளவு தூய சேர்மத்தைச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. 98-லிருந்து 102 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் முறை பாஸ். ஆனால் நாம் சேர்த்தது பொடியின் மேல் கிடக்கிறது. செடியின் சேர்மம் செல் சுவருக்குள் அடைந்து கிடக்கிறது. மேலே கிடப்பது 100 சதவீதம் திரும்பி வந்தால் உள்ளே கிடப்பதும் வந்துவிட்டது என்று ஆகாது. எடுத்து முடித்த சக்கையை மறுபடி புதிய கரைப்பானில் எடுத்து ஓட்டிப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. சக்கையில் பீக் இல்லாமல் போகும்வரை எடுக்க வேண்டும். மருந்துத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.சின் வழிகாட்டிகள் தூய மருந்துகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை, அவற்றை அப்படியே செடிக்குப் பொருத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். உங்கள் பக்கத்தில் சக்கைச் சோதனை கட்டாயம் என்று எழுதினால் பல எண்கள் மாறும். சில குறைந்தபட்ச வரம்புகளையே நீங்கள் மாற்றி எழுத வேண்டி வரலாம்.

சூட்டைப் பற்றி இன்னொன்று. எதற்காகத் திரவ குரோமட்டோகிராபி என்று கேட்பவர்களுக்குக் கஞ்சாச் செடி நல்ல பதில். பச்சைச் செடியில் பெரும்பகுதி இருப்பது போதை தரும் டி.எச்.சி. அல்ல, அதன் அமில வடிவம். வாயு குரோமட்டோகிராபியின் சூடான வாசலில் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து டி.எச்.சி.யாகிவிடும், அதனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. திரவ முறையில் சூடு இல்லை, இரண்டும் தனித்தனியாக வரும். பிறகு அமிலத்தின் அளவை 0.877-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ளலாம். செடிக்குள் என்ன இருந்ததோ அதை அப்படியே காட்டும் வல்லமை இந்த முறைக்கு இருக்கிறது. அதனால்தான் அதைக் குறைவாகப் பயன்படுத்துவது எரிச்சலாக இருக்கிறது.

எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். ஒப்பிடப் பயன்படும் தூய சேர்மத்தை ஸ்டாண்டர்ட் என்கிறோம். அந்தப் புட்டியின் மேல் தூய்மை 98 சதவீதம் என்று இருக்கும். அது பெரும்பாலும் குரோமட்டோகிராமின், அதாவது கருவி வரையும் பீக் படத்தின், பரப்பு சதவீதம். புட்டிக்குள் இருக்கும் ஈரமும் மிச்சக் கரைப்பானும் பீக் தராது, எனவே அந்தக் கணக்கில் வராது. ஈரத்தை இழுக்கும் கிளைகோசைடு ஸ்டாண்டர்டை அப்படியே எடைபோட்டுக் கணக்கிட்டால் செடியில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அப்புறம், மொத்தச் சேர்மங்கள் இத்தனை என்று எழுதும்போது எந்தெந்தப் பீக்குகளைக் கூட்ட வேண்டும், எதன் பெயரில் கணக்கிட வேண்டும் என்று சொல்லுங்கள். நீர்ப்பிரமியில் பாகோசைடு ஏ என்று ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் நான்கு சப்போனின்களின் கலவை. ஒளி உறிஞ்சல் முறையில் மொத்தமாக அளந்த எண்ணும், எச்.பி.எல்.சி.யில் பீக் பீக்காகக் கூட்டிய எண்ணும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கும். இரண்டையும் பாகோசைடு என்ற ஒரே சொல்லால் விற்கிறார்கள்.

டிடெக்டருக்குத் தெரியாதது இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜின்செங்கின் சப்போனின்களை 203 நானோமீட்டரில் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் கரைப்பான் உட்பட எல்லாமே ஒளியை உறிஞ்சும். ஆர்டெமிசினினும் புற ஊதாவில் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத சேர்மம். ஆவியாக்கி ஒளிச்சிதறலை அளக்கும் டிடெக்டர் இவற்றைப் பார்க்கும், ஆனால் அதன் பதில் நேர்கோட்டில் இருக்காது. எனவே ஒரே அலைநீளத்தில் எடுத்த பரப்பு சதவீதத்தை எடைச் சதவீதம் போல எழுதும் பழக்கத்தை உங்கள் பக்கங்களாவது தடுக்க வேண்டும்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். செடி என்பது தொழிற்சாலைப் பொருள் அல்ல, மண்ணும் பருவமும் மாறினால் பீக்குகளும் மாறும், முழுப் படமும் பொருந்த வேண்டும் என்றால் நல்ல சரக்கே தள்ளுபடியாகும் என்பது முதல் மறுப்பு. நியாயமானதுதான். ஆனால் நான் அச்சு அசலாகப் பொருந்தச் சொல்லவில்லை. தாவரவியலாளர் உறுதிசெய்த மாதிரிகளைப் பல இடங்களிலிருந்தும் பல பருவங்களிலும் எடுத்து ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் தவறாமல் வருபவை எவை, அவற்றுக்கிடையே விகிதம் எந்த எல்லைக்குள் ஆடுகிறது என்று பாருங்கள். அந்த எல்லையை எழுதுங்கள். பரந்த எல்லையாக இருந்தாலும் ஒன்றுமே இல்லாததைவிட மேல்.

கருவிக்குக் கருவி நேரம் மாறுமே என்பது இரண்டாவது. மாறத்தான் செய்கிறது. பதினெட்டுக் கார்பன் சங்கிலியைக் குறிக்கும் சி18 என்று பெயர் போட்ட இரண்டு குழாய்கள் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. கரைப்பான் கலக்கும் இடத்திலிருந்து குழாய் வரை உள்ள கொள்ளளவு கருவிக்குக் கருவி வேறுபடுவதால், விகிதம் மாறிக்கொண்டே ஓடும் முறைகளில் எல்லாப் பீக்குகளும் நகர்ந்துபோகும். அதனால்தான் முறையை உருவாக்கிய கருவியின் அந்தக் கொள்ளளவையும், குழாயின் பெயரையும், நேரத்துக்குப் பதில், ஒரு குறிப்பிட்ட பீக்கோடு ஒப்பிட்ட ஒப்பு நேரத்தையும் எழுதுங்கள் என்கிறேன். கூடவே மாற்றுக் கரைப்பான் ஒன்றையும் அனுமதியுங்கள். 2008-09-ல் உலகம் முழுக்க அசிட்டோநைட்ரைல் தட்டுப்பாடு வந்தது. அது அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பில் கிடைக்கும் உபபொருள், அங்கே உற்பத்தி படுத்ததும் இங்கே ஆய்வகங்கள் திண்டாடின. மெத்தனாலில் ஓடும் முறை பக்கத்தில் இருந்த மூலிகைகளுக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்றாவது மறுப்பு செலவு. ஒவ்வொரு பீக்குக்கும் தூய ஸ்டாண்டர்ட் வாங்கச் சொன்னால் சிறிய ஆய்வகங்கள் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் அதற்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. சீனத் தரநூல் 2010 பதிப்பில் கோப்டிஸ் வேருக்குப் பெர்பெரின் ஒன்றை மட்டும் ஸ்டாண்டர்டாக வைத்து, மற்ற ஆல்கலாய்டுகளைப் பெர்பெரினோடு ஒப்பிட்டு நிர்ணயித்த திருத்தக் காரணிகளால் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. காரணிகளை ஒருமுறை கவனமாக நிர்ணயித்து அச்சிட வேண்டியது உங்கள் வேலை. எங்களுக்கு ஒரு புட்டி போதும். அதேபோல், பீக்குகளை அடையாளம் காண உறுதிசெய்யப்பட்ட முழுச் சாரத்தையே ஒப்புப்பொருளாக வழங்கலாம். யு.எஸ்.பி.யும் ஐரோப்பியத் தரநூலும் சில மூலிகைகளுக்கு இதைச் செய்கின்றன. ஒரே ஊசியில் எல்லாப் பீக்குகளும் தெரிந்துவிடும், பிரித்தெடுத்த அரிய சேர்மங்களை வாங்கும் செலவும் இல்லை. எச்.பி.எல்.சி.யே இல்லாத இடங்களில் முதல் கட்ட அடையாளத்துக்கு தட்டின் மேல் சேர்மங்களைப் பிரிக்கும் உயர்திறன் மென்படலக் குரோமட்டோகிராபி இருக்கிறது. அதன் தட்டுப் படத்தையும் பக்கத்தில் சேருங்கள்.

தசமங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. 4.237 சதவீதம் என்று அறிக்கை கேட்கிறார்கள். மூட்டையின் மேல்பகுதியில் எடுத்த பொடிக்கும் அடியில் எடுத்த பொடிக்கும் உள்ள வேறுபாடு முதல் தசமத்திலேயே தெரிந்துவிடும். மாதிரி எடுக்கும் விதத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு, தசமங்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வரைவுகளைக் கருத்துக்காக வெளியிடும்போது பெரும்பாலும் முறையை மட்டும் தருகிறீர்கள், குரோமட்டோகிராமைத் தருவதில்லை. அடுத்த முறை வரைவோடு அசல் மூலிகையின் படம், தெரிந்த போலிகளின் படம், சக்கையின் படம் மூன்றையும், முடிந்தால் அவற்றின் கணினிக் கோப்புகளையும் சேர்த்து வெளியிடுங்கள். எங்கள் குழாயில், எங்கள் கருவியில் அதே மாதிரியை ஓட்டிப் பார்த்து எங்கே பிசகுகிறது என்று அச்சாவதற்கு முன்பே எழுதி அனுப்ப நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களை வைத்து வேலை பார்க்கும் ஒரு பகுப்பாய்வாளர்